உப்புக் கரித்த புத்தகம்

முன்னொரு காலத்திலே, நண்டுகளெல்லாம் நேராக நடந்துகொண்டிருந்த காலத்திலே, சிப்பித்துறை என்று ஒரு நாடு இருந்தது. கிழக்கே கடல், மேற்கே பனங்காடு, நடுவிலே ஒரு அரண்மனை. அரண்மனையிலே ஒரு ராஜா. ராஜாவுக்குப் பசி அதிகம், பயம் அதைவிட அதிகம். சோற்றில் யாராவது விஷம் வைத்துவிடுவார்களோ என்று, தனக்கு முன்னால் ருசி பார்க்க ஒரு ஆளை வைத்திருந்தார். அந்த ஆள்தான் சலேத்தம்மா.

சலேத்தம்மாவின் நாக்கு லேசுப்பட்ட நாக்கு இல்லை. மீன்குழம்பை ஒரு சொட்டு வைத்தால் போதும். மீன் எந்த வலையில் விழுந்தது, வலையை இழுத்தவன் அன்று காலையில் பெண்டாட்டியோடு சண்டை போட்டானா என்பதுவரை சொல்லிவிடும். நம்பாவிட்டால் போங்கள். ராஜா நம்பினார்.

எந்தப் பண்டம் வந்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பாள். அடுத்துத் தட்டிப் பார்ப்பாள். மூன்றாவதாக நாக்கில் வைத்துப் பார்ப்பாள். அதற்குள் ராஜாவுக்கு எச்சில் ஊறி, தாடி நனைந்துவிடும்.

"சலேத்தம்மா, அப்பம் ஆறிப்போகுது."

"ஆறட்டும் மகராசா. ஆறின அப்பம் தின்னு யாரும் செத்ததில்ல."

தொழில்புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யோசிப்பாள். கோயில் மணி இரண்டு தட்டு கூடுதலாக அடித்தால், மணியடிக்கிறவன் எதை மறைக்கிறான் என்று யோசிப்பாள். புருஷன் கடலோடு போனவன். மிச்சம் இருந்தது எட்டு வயது மகள் அமலி. உலகத்தில் முகராமல், தட்டாமல் சலேத்தம்மா கட்டிக்கொண்டது அவள் ஒருத்தியைத்தான்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு கழுதை வண்டி ஊருக்குள் வந்தது. வண்டி நிறையப் புத்தகங்கள். சிவப்பு அட்டை, தங்க ஓரம். ஓட்டிவந்தவன் பெயர் பட்டுநாக்கன். பிள்ளையுள்ள ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "பிள்ளைக்கு ஒரு கிறிஸ்துமஸ் புத்தகம்" என்று நீட்டினான். சலேத்தம்மா வீட்டுக்கும் வந்தான்.

"என்ன விலை?" என்று கேட்டாள்.

"கிறிஸ்துமஸ் புத்தகத்துக்கு விலையா தாயே? சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

"வெயில்ல வந்திருக்கீரு. ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போறீரா?"

"வேண்டாம் தாயே. நான் யார் கையாலும் எதையும் வாங்குவதில்லை."

அங்கேதான் அவளுக்கு உறுத்தியது. ஊருக்கெல்லாம் கொடுக்கிறவன் ஒரு வாய் கஞ்சி வாங்க மாட்டேன் என்கிறானே.

புத்தகத்தை முகர்ந்து பார்த்தாள். பசை வாடை, சாய வாடை. தட்டிப் பார்த்தாள். டொக்கென்றது. இவள் தட்டாமலே உள்ளேயிருந்து இன்னொரு டொக்கும் கேட்டது மாதிரி இருந்தது. நாக்கில் வைக்கப் போவதற்குள் அமலி பறித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

முதல் பக்கத்தில் மாட்டுக் குடில். மாடு இருந்தது, கழுதை இருந்தது, மேலே வால்நட்சத்திரம் இருந்தது, வானதூதர்களான சம்மனசுகள் சிறகு விரித்திருந்தார்கள். மற்ற பக்கங்களில் எல்லாம் பரிசுகள். பொம்மைக் கடை, பட்டுக் கடை, மிட்டாய் மாளிகை. நடுநடுவே சிரித்த முகமாகப் பிள்ளைகள். அடியில் ஒரு பாட்டு. அமலி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"தா தா தாளே, தட்டாமல் தா,
எனக்கே எனக்கு எடுத்துத் தா."

பொம்மைக் கடைப் பக்கத்திலிருந்து தொப்பென்று ஒரு பொம்மை விழுந்தது. கண் சிமிட்டும் பொம்மை. அமலி அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் ஆடினாள். உச்சிவெயில். பொம்மைக்கு நிழல் இருந்தது. அமலிக்கு நிழல் இல்லை.

சலேத்தம்மா பக்கத்து வீட்டுச் செபத்தியிடம் போய்ச் சொன்னாள்.

"நிழல் என்ன சோறா போடுது மைனி?" என்றாள் செபத்தி. "எங்க வீட்டுலயும் நாலு பிள்ளைக்கும் நிழல் இல்லதான். பொம்மை வந்திருக்கே, அதப் பாருங்க. உங்களுக்கு எதுலதான் குத்தம் இல்ல?"

இரண்டாம் நாள். சலேத்தம்மா அரண்மனைக்குப் போயிருந்த நேரத்தில் அமலி மறுபடி பாடினாள். "எனக்கே எனக்கு எடுத்துத் தா." மயில்பச்சைப் பட்டுப் பாவாடை வந்தது. போனது குரல். தாய் திரும்பி வந்து "ஏ பிள்ள" என்று கூப்பிட்டால், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. தெருவே அப்படித்தான் இருந்தது. ஊரில் ஒரு பிள்ளை அழவில்லை, ஒரு பிள்ளை சிரிக்கவில்லை.

ஓடினாள் அரண்மனைக்கு. ராஜா பட்டப்பகலில் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"மகராசா, பிள்ளைகளுக்கெல்லாம் குரல் போயிட்டுது."

"தெரியும் சலேத்தம்மா. எனக்கு ரெட்டைப் பெண் குழந்தைகள். ஏழு வருஷத்தில் இன்றைக்குத்தான் மத்தியானம் தூங்குகிறேன். அந்த மனுஷனுக்கு ஒரு பொன்னாடை போர்த்தச் சொல்லியிருக்கிறேன்."

"அவன் வாங்க மாட்டான்."

"பார், எவ்வளவு நல்லவன்" என்று ராஜா மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். மிட்டாய் மாளிகைப் பக்கத்தை விரித்து, விட்டுப்போன மூன்றாவது சோதனையைச் செய்தாள். நாக்கை வைத்தாள்.

உப்புக் கரித்தது.

கடல் உப்பு தொண்டைக்கு இறங்கிவிடும். கண்ணீர் உப்பு நெஞ்சிலேயே நிற்கும். இது நெஞ்சில் நின்றது. குனிந்து உற்றுப் பார்த்தாள். மாளிகை வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற ரெட்டைச் சடைப் பெண்ணின் கண்ணோரம் ஈரமாக இருந்தது. துடைத்தாள். மறுபடி ஈரமாயிற்று. பக்கத்துக்குப் பக்கம் பார்த்தாள். சிரிக்கிற முகம் அத்தனையிலும் ஈரம். வரைந்த பிள்ளைகள் இல்லை அவை. வேறு ஊர்களில், வேறு வீடுகளில், "எனக்கே எனக்கு" என்று பாடிய பிள்ளைகள்.

மூன்றாம் நாள் காலையில் அமலியால் தரையில் நிற்க முடியவில்லை. காற்று அடித்தால் ஓரம் மடிந்தாள். ஜன்னல் பக்கம் போனவள் பறக்கப் பார்த்தாள். பாவாடை ஓரத்தில் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. சலேத்தம்மா ஊரெல்லாம் பட்டுநாக்கனைத் தேடி அலைந்து, சாயங்காலம்தான் கண்டுபிடித்தாள். மகளை இடுப்பில் வைத்தால் ஓர் இலையின் கனம். மற்றக் கையில் புத்தகம். கடற்கரையில் வண்டியில் சாய்ந்தபடி அவன் வெற்றுத் தாள்களுக்குத் தங்க ஓரம் பூசிக்கொண்டிருந்தான்.

"எம்பிள்ளையத் திருப்பிக் குடு."

"நான் எடுக்கவில்லையே தாயே. அவள் கேட்டாள், புத்தகம் கொடுத்தது. அப்புறம் புத்தகம் எடுத்துக்கொண்டது."

"பிள்ளைகள வச்சி நீ என்ன செய்யப் போற?"

"அடுத்த ஊருக்குப் புத்தகம் வேண்டாமா? படமில்லாத புத்தகத்தை எந்தப் பிள்ளை கையில் எடுக்கும்?" என்று சிரித்தான். "கோயில் கோபுரத்தில் நட்சத்திர விளக்கு ஏற்றுவார்களே, அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் எல்லாரும் புத்தகப் பக்கத்துக்குள் போயிருப்பார்கள். கிழித்தால் கிழிவார்கள். எரித்தால் எரிவார்கள். யோசித்துச் செய்."

சலேத்தம்மா மணலில் உட்கார்ந்தாள். அழவில்லை. தொழில் தெரிந்தவள் அல்லவா? விஷம் எப்போதும் சேர்த்ததில் இருக்காது, சில நேரம் எடுத்ததில் இருக்கும். பாயசத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதை விட்டு, என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். புத்தகத்தின் முதல் பக்கத்தை விரித்தாள். மாடு இருக்கிறது. கழுதை இருக்கிறது. நட்சத்திரம் இருக்கிறது. சம்மனசுகள் இருக்கிறார்கள். தீவனத் தொட்டியில் வைக்கோல் மட்டும். விரலால் தடவினாள். அந்த இடத்தில் தாள் சொரசொரத்தது.

"இங்க கத்தி வச்சிச் சுரண்டியிருக்க. இதுல கிடந்த பாலன் எங்க?"

முதல்முறையாகப் பட்டுநாக்கனின் சிரிப்பு ஒரு பக்கம் இறங்கியது. "அது பழைய கதை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை."

"பிடிக்காததையா ராத்திரி பகலா உக்காந்து சுரண்டுவ?"

"அது இருந்தால் என் பாட்டு பலிக்க மாட்டேன் என்கிறது" என்று அவன் எரிச்சலோடு கத்தினான். "ஒன்றுமில்லாமல், இடம் கேட்டு வந்த பிள்ளை. படத்தில் அதைப் பார்த்த மாத்திரத்தில் இந்தக் குட்டிப் பிசாசுகள் கேட்பதை மறந்துவிடுகின்றன. குளிருமே என்று தன் போர்வையை எடுத்து நீட்டுகின்றன."

சலேத்தம்மாவுக்கு அது போதும். கேட்டுப் போனதைக் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். கை வளையலைக் கழற்றி, தொட்டியின்மேல் வைத்தாள். புத்தகம் அதைத் துப்பியது. அரண்மனையில் கொடுத்த வெள்ளிக் கரண்டியை மடியிலிருந்து எடுத்து வைத்தாள். அதையும் துப்பியது. மடியில் முடிந்திருந்த பழைய மெட்டியை வைத்தாள். அது மணலில் போய் விழுந்தது.

பட்டுநாக்கன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "போய் வாங்கினால் கிடைக்கிறதை எல்லாம் வைக்கிறாய். அது அவ்வளவு மலிவா? உன்னிடம் இருப்பதிலே பெரியதை வை, பார்ப்போம். ஆனால் ஒன்று. வைத்தால் பிள்ளை திரும்பி வரும் என்று யார் சொன்னது? நான் சொன்னேனா? என்ன அத்தாட்சி? ராஜா வீட்டுப் பாயசத்தையே நம்பாதவள், ஒரு துண்டுத் தாளையா நம்பப் போகிறாய்?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அவள் வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்வியும் அதுதான். முகர்ந்து பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. தட்டிப் பார்த்தாள், பதில் இல்லை. அமலியைப் பார்த்தாள். கழுத்துவரை தாளாகியிருந்தாள். கன்னத்தின் மேடு தட்டையாகிக்கொண்டிருந்தது. கோபுரத்தில் ஒருவன் விளக்கோடு ஏணியில் ஏறுவது தெரிந்தது.

சலேத்தம்மா புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வா வா தாளே, தட்டாமல் வாங்கு,
உனக்கே உனக்கு எடுத்துக்கொள்" என்றாள்.

பிறகு, "இந்த நாக்குதான் எனக்குச் சோறு போடுது. வேற ஒண்ணும் இல்ல எங்கிட்ட. எடுத்துக்க ராசா" என்று சொல்லி, சுரண்டியிருந்த இடத்தில் நாக்கை வைத்தாள்.

முதலில் உப்புப் போனது. அடுத்துப் புளிப்புப் போனது. கசப்பு, காரம், துவர்ப்பு எல்லாம் போய், கடைசியில் இனிப்புப் போனது. வாய் வெறும் வாயானது. புத்தகம் சும்மா இருந்தது. கோபுரத்து ஆள் கடைசிப் படியில் கால் வைத்தான்.

அப்போது தாளுக்குள்ளிருந்து ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

சுரண்டின இடத்தில் ஒரு சின்னக் கை, ஒரு சின்னக் கால், ஒரு பிள்ளை. மாடு தலை திருப்பிப் பார்த்தது. அவ்வளவுதான், சலேத்தம்மாவின் இடுப்பு ஒடிவது போல் கனத்தது. அமலி, எட்டு வயது அமலி, முழு அமலி, "எம்மா, இறக்கி விடு, காலெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்று கத்தினாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் குரல் வந்ததில், அரண்மனையில் ராஜா கட்டிலிலிருந்து உருண்டார். பக்கங்களிலிருந்து வேற்றூர்ப் பிள்ளைகள் சிறிதும் பெரிதுமாக மணலில் குதித்தார்கள். ரெட்டைச் சடைக்காரி குதித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது எந்த ஊரு?" என்று கேட்டாள்.

பட்டுநாக்கன் என்ன ஆனான் என்கிறீர்களா? எடுத்ததெல்லாம் கையைவிட்டுப் போனதும் அவனிடம் அவன் என்று எதுவும் மிச்சமில்லை. தட்டையானான், தாளானான், கொண்டல் காற்றில் பறந்துபோய் வேலியில் ஒட்டிக்கொண்டான். ஒரு வெள்ளாடு தின்றுவிட்டது. ஆட்டுக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு.

அன்று ராத்திரி சிப்பித்துறையில் ஒரு வேடிக்கை நடந்தது. வேற்றூர்ப் பிள்ளைகள் நாற்பது பேர் தெருவில் நிற்கிறார்கள். ஒரு கதவு திறந்தது, அப்புறம் அடுத்த கதவு. நாலு பிள்ளை வைத்திருந்த செபத்தி இன்னும் மூன்றை உள்ளே இழுத்துக்கொண்டாள். ராஜா தன் கட்டிலையே கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். எங்கள் வீட்டில் இடமில்லை என்று சொன்ன வாய் ஒன்றுகூட இல்லை. பண்டிகை முடிந்ததும் பிள்ளைகளை அவரவர் ஊரில் சேர்ப்பதற்கு அரண்மனை வண்டிகள் கிளம்பின. அவற்றுக்கெல்லாம் சலேத்தம்மாதான் அதிகாரி. புதிய வேலை அது. பழைய வேலைக்கு நாக்கு இல்லையே. ராஜாவும் ஒரு வாரம் பயந்து பட்டினி கிடந்து பார்த்துவிட்டு, ரெட்டைப் பெண்கள் ஊட்டிவிடச் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

அது பிறகு நடந்தது. கிறிஸ்துமஸ் அன்று காலையில், பூசை முடிந்து வந்த சலேத்தம்மா வீட்டுக்குச் செபத்தி ஒரு தட்டில் அதிரசம் கொண்டுவந்தாள். "மைனி, முகர்ந்து பாத்துட்டுத் திங்கிறதுன்னா சொல்லுங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்று வைத்துவிட்டுப் போனாள்.

சலேத்தம்மா ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். நாக்கோடு மூக்கும் போயிருந்தது. மண் உருண்டையைப் பிடித்திருப்பது போல இருந்தது. அதற்குள் அமலி ஒன்றைக் கடித்துவிட்டாள்.

"எப்படிட்டி இருக்கு?"

"ஓரம் கருகியிருக்கு. ஏலக்கா இருக்கு. வெல்லம் கூடிப்போச்சு."

"நெசமாவா?"

"நெசமாம்மா."

சலேத்தம்மா மகள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதிரசத்தை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"ஆமாட்டி" என்றாள். "வெல்லம் கூடுதல்தான்."