கூப்பிட்ட பெயர்

“பட்டியலை மாத்திட்டேன் மேடம். சத்தியமா மாத்திட்டேன். அப்புறமும் ஏன் செத்தவர் பேரைக் கூப்பிட்டுது?”

கேட்டவர் தணிகாசலம். நாற்பத்தெட்டு வயதில் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்ட மனுஷர். கற்றுக்கொடுத்த பூங்கொடிக்கு இருபத்தேழு. அதனாலென்ன, வயசைப் பார்த்தா பாடம் ஏறுகிறது?

ஒரு டயாலிசிஸ் மையத்தில் நோயாளிகளை ஒலிபெருக்கியில் வரிசையாகக் கூப்பிடும் நிரல் அவர் எழுதியது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயரும் தனக்கு அடுத்த பெயரைக் காட்டும். முதல் பெயரைப் பிடித்தால் கடைசிவரை போய்விடலாம்.

ஏழுமலை என்கிற நோயாளி இறந்துபோனார். அவர் பெயர் இல்லாமல் புதிதாக ஒரு பட்டியல் கட்டினார் தணிகாசலம்.

“பழசை என்ன பண்ணீங்க?”

“விட்டுட்டேன்.”

“நீங்க விட்டீங்க சார். ஒலிபெருக்கி விட்டுச்சா?”

ஒலிபெருக்கி பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டிருந்தது. புதிது ஒன்று வந்ததே அதற்குத் தெரியாது.

“புதுசு எதுக்கு? அது பிடிச்சிட்டிருக்கிற பட்டியலையே காலி பண்ணுங்க. அதுக்குள்ளேயே புதுப் பேருங்களை நிரப்புங்க.”

அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். பத்து நிமிஷ வேலை. அட, பத்தே நிமிஷம்! அதை நினைக்க நினைக்க அவர் கூனிக் குறுகிப் போனார்.

மறுநாளும் வந்து நின்றார்.

“இப்ப சரியாக் கூப்பிடுது மேடம். மையத்துக்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்துட்டேன். டாக்டர்கூட பரவாயில்லன்னுட்டார். எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்னுது. சோறு இறங்கல.”

“அந்தப் பேரைக் கூப்பிட்டப்ப அங்க யார் இருந்தாங்க?”

“அவர் சம்சாரம். அவரோட ஃபைலை வாங்கிட்டுப் போக வந்திருந்தாங்க.”

“ம்.”

“‘ஏழுமலை, நாலாம் நம்பர் படுக்கை’ன்னு கேட்டதும், ரெண்டு வருஷப் பழக்கம் பாருங்க, ‘இதோ வந்துட்டோம்’னு எழுந்துட்டாங்க. எழுந்தப்புறம்தான் அவங்களுக்கே ஞாபகம் வந்திருக்கு. எல்லாரும் அவங்களையே பார்த்திருக்காங்க.”

“அவங்ககிட்டப் பேசினீங்களா?”

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

“இல்ல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி போய் நிப்பேன்?”

“அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அவங்க நின்னாங்களே சார்.”