வெருகின் காதுக்குப் பின்னால் வெள்ளைப் பொட்டு வந்த விதம்

அந்தக் காலத்தில் மனிதருக்கும் விலங்குக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தது. காட்டில் வழி தவறியவன் மானிடம் கேட்டுக்கொண்டு ஊர் திரும்புவான். கோடையில் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊறும் என்று யானை வந்து சொல்லிவிட்டுப் போகும்.

அப்போது முள்ளிநாட்டை ஆண்ட கார்மேகராயன் கோட்டைக்கு வெளியே ஒரு விலங்குச்சாலை அமைத்திருந்தான். அங்கே எந்த விலங்கையும் பிடித்து அடைப்பதில்லை. அழைப்பு அனுப்புவார்கள், அவை வந்து தங்கும். புலி வந்தால் இரண்டு மாதம் இருக்கும்; வேளாவேளைக்கு ஆட்டுக்கறி தின்னும்; கூடியிருக்கும் ஜனங்களுக்காக ஒரு உறுமல் உறுமிவிட்டுத் தன் காட்டுக்குப் போகும். வந்த விருந்தாளியின் மேல் யாரும் கை வைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். திருநாள் வந்துவிட்டால் நாடே அங்கேதான் திரளும்.

அந்த விலங்குகளுக்குத் தீனி வைப்பவள் வேம்பி. ஈஞ்சங்காட்டு ஓரத்தில் பிறந்தவள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் பேசினால் பாதியில் நிறுத்தமாட்டாள்.

ஒருநாள் அரசனும் அமைச்சரும் கரடியைப் பார்த்துக்கொண்டே நாட்டு விஷயம் பேசினார்கள். வேம்பி பக்கத்தில் புல்லுக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஈஞ்சங்காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அரசே? முள்ளும் சேறும்தான். ஒரு உயிர் கிடையாது. கொளுத்திவிட்டால் கரும்பு போடலாம்" என்றார் அமைச்சர்.

"செய்யுங்கள்" என்றான் அரசன்.

வேம்பி புல்லைக் கீழே போட்டாள். "அரசே, அந்தக் காட்டில் வெருகு இருக்கிறது."

"வெருகா? அது என்ன?"

"பூனை ஜாதிதான். ஆனால் ஊர்ப் பூனையைப் போல இரண்டு பங்கு. தண்ணீரில் முங்கி மீன் பிடிக்கும். அந்தச் சேற்றை விட்டால் அதற்கு வேறு இடமில்லை."

"நீ பார்த்திருக்கிறாயா?"

"என் ஆயுளில் மூன்று தடவை."

அமைச்சர் சிரித்தார். அரசன் சிரிக்கவில்லை. தன் விலங்குச்சாலைக்கு வராத ஒரு விலங்கு தன் நாட்டிலேயே இருக்கிறது என்பது அவனுக்கு உறுத்தியது.

"அழைத்து வா. ஐந்து நாள் தருகிறேன். அதன் கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேர் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டால் அந்தக் காட்டில் ஒரு சுள்ளியைக்கூட ஒருவனும் ஒடிக்கமாட்டான். இல்லையென்றால் ஐந்தாம் நாளே நெருப்பு வைப்பார்கள்."

வேம்பி அன்றே புறப்பட்டாள். ஈஞ்சங்காட்டுக்குள் முழங்கால் சேற்றில் நடந்து, கோரைப்புல் அடர்ந்த ஒரு திட்டில் உட்கார்ந்தாள். கூப்பிட்டால் வெருகு வராது என்று அவளுக்குத் தெரியும். மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் காலை கோரை விலகியது.

"கொசு கடிக்கவில்லையா உனக்கு?" என்று கேட்டது வெருகு. சாம்பல் நிற உடம்பு, அதில் வரிசை வரிசையாகக் கரும்புள்ளி. அதற்குப் பின்னால் மூன்று குட்டிகள் எட்டிப் பார்த்தன.

"கடித்தது."

"பிறகு ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?"

வேம்பி எல்லாவற்றையும் சொன்னாள். வெருகு குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது. கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"வருகிறேன்" என்றது. "ஆனால் ஒன்று தெரிந்துகொள். நான் பயந்து ஓடுகிறவளும் இல்லை, ஆடிக் காட்டுகிறவளும் இல்லை. சத்தமில்லாமல் நிற்பவருக்கு முகம் காட்டுவேன். கூச்சல் போடுகிறவருக்கு முதுகுதான். அரசனானாலும் அப்படித்தான்."

"அவர் அரை நாழிகை பொறுக்கமாட்டாரே."

"அது அவர் குணம். இது என் குணம்."

குட்டிகளை வடக்குத் திட்டில் மறைத்து வைத்துவிட்டு வெருகு அவளோடு நடந்தது.

ஐந்தாம் நாள் விடிந்தபோது செய்தி நாடு முழுக்கப் பரவியிருந்தது. கண்ணுக்கே தட்டுப்படாத பூனை வந்திருக்கிறதாம் என்று வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வெருகுக்கென்று சிறு குளமும் கோரையும் உள்ள ஓர் அடைப்பை வேம்பி ஒதுக்கியிருந்தாள். வெருகு உள்ளே போய்ப் படுத்தது. கூட்டம் கைதட்டியது, விசிலடித்தது, "இந்தா, இந்தா" என்று கூவியது. வெருகு முதுகைத் திருப்பிக்கொண்டது.

மேளதாளத்தோடு அரசன் வந்தான். கோரைக்கு நடுவே ஒரு சாம்பல் மேடு மட்டும் தெரிந்தது.

"இதைப் பார்க்கவா ஐந்து நாள் காத்திருந்தேன்?" என்றான்.

"எந்த வீட்டு அடுப்பில் படுத்திருந்த பூனையோ" என்றார் அமைச்சர்.

"அதை என் பக்கம் திரும்பச் சொல்" என்றான் அரசன் வேம்பியிடம்.

"மேளம் நிற்கட்டும், அரசே. கூட்டம் அடங்கட்டும். அது தானாகத் திரும்பும்" என்றாள் வேம்பி.

"நான் ஒரு பூனைக்காகக் காத்து நிற்பதா?" அரசன் அமைச்சரிடம் தலையசைத்தான். தீப்பந்தம் ஏந்திய பத்துப் பேர் ஈஞ்சங்காட்டுச் சாலையில் புறப்பட்டார்கள்.

அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டு வேம்பி ஒரு கணம் நின்றாள். பிறகு அடைப்பின் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இடுப்பில் இருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து, வெருகின் ஒவ்வொரு காதுக்கும் பின்னால், கறுத்த மயிரின் மேல், அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். அதுவரை அந்த விலங்குச்சாலையில் எந்த விலங்கையும் எவரும் தொட்டதில்லை.

சுண்ணாம்பு காந்தியது. வெருகு அசையவில்லை.

"என்ன செய்தாய்?" என்றது மெல்ல.

"உன் முதுகுக்கு இரண்டு கண் வைத்தேன். பொறுத்துக்கொள்."

வெருகு காதுகளை விறைத்து நிமிர்த்தியது. வெளியே நின்றவர்களுக்குக் கோரை நிழலில் இரண்டு வெள்ளைக் கண்கள் திறந்தாற்போல இருந்தது. முன்வரிசை பின்வாங்கியது. விசிலடித்தவன் விரலை வாயிலிருந்து எடுத்தான். மேளக்காரர்கள் கையை மேளத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். அரசன் ஓரடி பின்னால் நகர்ந்தான். ஒரு சத்தமும் இல்லை.

வெருகு கேட்டது அதைத்தான். மெதுவாக எழுந்து திரும்பியது. பச்சையும் பொன்னுமான கண்களால் அரசனை நேராகப் பார்த்தது. அந்தப் பார்வையில் மரியாதையும் இல்லை, பகையும் இல்லை. உன்னைப் போலவே நானும் இந்த நாட்டில்தான் இருக்கிறேன் என்றது. பார்த்து முடித்ததும் குளத்தில் முங்கி, வாயில் ஒரு கெளுத்தியோடு கரையேறி, எல்லோர் முன்னாலும் நிதானமாகத் தின்றது.

அரசன் மூச்சு விட்டான். "குதிரைக்காரனை அனுப்பு. பந்தங்களை அணைக்கச் சொல்."

குதிரை போய்ச் சேர்வதற்குள் காட்டின் தெற்கு மூலையில் தீப் பிடித்திருந்தது. பந்தம் கொண்டுபோனவர்களே ஈரத்தழையால் அடித்து அணைத்தார்கள். ஒரு வயல் அளவுக்குக் கோரை கருகியது. மற்றதெல்லாம் தப்பியது.

"நான் முதலில் பார்த்தது கண்தானா?" என்று அரசன் வேம்பியிடம் கேட்டான்.

"அது சுண்ணாம்பு, அரசே. பிறகு பார்த்ததுதான் கண். விருந்தாளியைத் தொட்டது என் குற்றம். தண்டனை கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன்."

அரசன் குளத்தின் பக்கம் திரும்பினான். "அந்தச் சுண்ணாம்பு இல்லாவிட்டால் என் வாய் மூடியிருக்காது" என்றான். "உனக்கு எதற்குத் தண்டனை?" பிறகு அந்த வேலியோரத்திலேயே தரையில் உட்கார்ந்தான். பொழுது சாயும்வரை எழவில்லை.

வெருகு புறப்படும்போது வேம்பி ஈரத்துணியால் பொட்டுகளைத் துடைக்கப் போனாள். வெருகு தலையை விலக்கிக்கொண்டது.

"இருக்கட்டும். கோரைக்குள் நான் முன்னால் போனால் குட்டிகளுக்கு நான் தெரிவதில்லை. இனி இதைப் பார்த்துக்கொண்டே வரும். ஆண்டுக்கொருமுறை எங்களில் ஒருத்தி இங்கே வந்து இருப்பாள். இங்கே ஒருத்தியைப் பார்க்கிறவன் அங்கே மற்றவர்கள் இருப்பதை மறக்கமாட்டான்."

அந்தப் பொட்டைப் பார்த்த புலி தனக்கும் வேண்டும் என்று வந்தது. சிறுத்தை வந்தது. வேம்பி சுண்ணாம்பை வழித்து அவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டாள். ஊர்ப் பூனைக்கும் சொல்லி அனுப்பினாள். அது அடுப்படிச் சூட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

அன்று முதல்தான் வெருகுக்கும் புலிக்கும் சிறுத்தைக்கும் காதின் பின்னே வெள்ளைப் பொட்டு இருக்கிறது, ஊர்ப் பூனைக்கு இல்லை. விலங்குச்சாலையில் கூச்சல் போடுகிறவர்களுக்கு வெருகு அந்தப் பொட்டை மட்டும் காட்டுகிறது, வாய் மூடி நிற்பவர்களுக்கு முகத்தைக் காட்டுகிறது.