அல்லியம்மைக்குக் கிடைத்த விற்பனைத் திலகம்

வெகு காலத்துக்கு முன்பு சேந்தமங்கை நாட்டைச் சண்டகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் அவருக்கு ஓர் ஆசை வந்தால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும். ஒருநாள், "யாருடைய சுவடி அதிகம் விற்கிறதோ, அவருக்கு 'விற்பனைத் திலகம்' பட்டம்!" என்று பறையறைவித்தார்.

அந்த ஊரில் அல்லியம்மை என்று ஒருத்தி. பெரும்பஞ்சத்தில் செத்தவர்களின் கதையை வீடு வீடாகக் கேட்டு ஏட்டில் எழுதியிருந்தாள். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். பட்டமெல்லாம் அவள் நினைப்பிலேயே இல்லை. மந்திரி நல்லுடையார்தான் வற்புறுத்திச் சபைக்கு அழைத்துவந்தார்.

ஆஸ்தானப் புலவர் உலகளந்தாருக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா! தங்கள் புகழ் பாடும் என் சுவடி இல்லாத வீடு உண்டா? இந்தம்மா எழுதியதை யார் சீந்துகிறார்கள்?"

விற்காமல் என்ன செய்யும்? வரி அதிகாரி புலவருடைய மைத்துனர். வரி கட்டப் போனவன் தலையிலெல்லாம் ஒரு சுவடியைக் கட்டிவிட்டார்.

மந்திரி எழுந்தார். "விற்றது நிஜம்தான், மகாராஜா. வாங்கியவனுக்கு அது வேண்டுமா என்றும் பார்த்துவிடலாம். எந்தச் சுவடியைத் திருப்பித் தந்தாலும் ஒரு மரக்கால் அரிசி என்று அறிவியுங்கள்."

மறுநாள் அரண்மனை வாசலில் உலகளந்தாரின் சுவடிகள் வைக்கோல்போர் மாதிரி குவிந்தன. பாதிக்குக் கட்டே அவிழ்க்கவில்லை. அல்லியம்மையின் சுவடி ஒன்றுகூட வரவில்லை. அதை வைத்திருந்த நெசவுக்காரி ஒருத்தியை ராஜா வரவழைத்தார்.

"உனக்கு அரிசி வேண்டாமா?"

"வேணும் சாமி. ஆனா என் மக பேரு இதுலதானே இருக்கு. இதைக் குடுத்துட்டு அவளை எங்க போய்த் தேடுவேன்?"

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உலகளந்தாரை அவர் சுவடிகளையெல்லாம் அவரே சுமந்து வீதிவழியே வீட்டுக்குக் கொண்டுபோகச் செய்தார். பிறகு அல்லியம்மைக்குப் பொன்னாடை போர்த்தி, "நீயே விற்பனைத் திலகம்! இனி வரி கட்டுகிற ஒவ்வொருவனும் உன் சுவடியைத்தான் வாங்க வேண்டும்!" என்றார்.

"வேண்டாம் மகாராஜா. வேண்டியவர்கள் தேடி வந்து வாங்கிக்கொள்கிறார்கள்."

"ஆகா, என்ன அடக்கம்!" என்று ராஜா சிரித்தார். சபையும் சிரித்தது.

சுவடியைப் படியெடுக்கும் வேலை அதே வரி அதிகாரியிடம் போனது. ஆயிரம் ஆயிரமாக விற்றது. தெருவில் நடந்தால், "விற்பனைத் திலகம் வாழ்க!" என்று கூவினார்கள். ஒருநாள் அல்லியம்மை அதில் ஒன்றை வாங்கிப் பிரித்தாள். பஞ்சத்தில் செத்தவர்களின் கதை இருந்த ஏடுகள் ஒன்றையும் காணோம். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி: 'அவ்வாண்டு மழை சற்றுக் குறைந்தது.' கீழே அவள் பெயர்.

சுவடியையும் பொன்னாடையையும் எடுத்துக்கொண்டு மந்திரியிடம் ஓடினாள். அவர் வாசித்தார்.

"அம்மா, உலகளந்தாரின் பொறாமையை மடக்க எனக்கு வழி தெரிந்தது. ராஜாவின் பிரியத்தை மடக்க வழி தெரியவில்லையே!"

அவள் பொன்னாடையை மடித்து அவர் காலடியில் வைத்துவிட்டு, தலையில் முக்காடிட்டு, யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி வீட்டுக்கு நடந்தாள்.