நாலு சொம்புத் தண்ணீர்

“படகு ஒழுகுதும்மா,” என்றார் சீடர்.

“எவ்வளவு?” என்றாள் குரு.

சீடர் குழந்தைவேலு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வயது அறுபத்திரண்டு. குரு அமலிக்கு முப்பத்து நாலு. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகுகளைப் பழுது பார்ப்பவள், பாய் விரிக்கக் கற்றுத் தருபவள். முறை தலைகீழாக இருக்கிறதே என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

அவர் வாங்கியிருந்தது முப்பத்தைந்து வருஷத்துப் பாய்மரப் படகு. சின்னது, இரண்டு பேர் படுக்கலாம். தை பிறந்ததும் மனைவி சௌந்தரவல்லியோடு அதில் காரைக்கால் வரை போய்வர ஆசை. பள்ளிக்கூடமே கதி என்று கிடந்ததில் மனைவியை எங்கும் கூட்டிப்போனதில்லை. அந்த உறுத்தல் அவருக்கு நிறைய.

“ஜன்னல் கசியுது. எஞ்சின் இருமுது. மேல்தளம் ஒரு இடத்துல மெத்து மெத்துங்குது. அடியில தினமும் தண்ணி. என்னை நல்லா ஏமாத்திட்டாங்க.”

அமலி ஒரு சொம்பை எடுத்துக் கொடுத்தாள்.

“தினமும் காலையில மொண்டு ஊத்திட்டு, எத்தனை சொம்புன்னு சொல்லுங்க சார்.”

முதல் நாள் நாலு. மறுநாளும் நாலு. பத்தாம் நாளும் நாலுதான்.

“அருமையான படகு,” என்றாள் அமலி.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஒழுகுறது அருமையா?”

“கட்டினவங்க கஞ்சத்தனம் பண்ணல சார். இவ்வளவு கனமா இப்ப யாரும் கட்டுறதில்ல. அடியில நல்ல எடை இருக்கு, காத்து சாய்ச்சாலும் தானா நிமிரும். நாளுக்கு நாள் கூடாத வரைக்கும் நாலு சொம்பு இதுக்கு ஒரு விஷயமே இல்ல.”

அவருக்கு மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சௌந்தரவல்லி முதல்முறையாகப் படகைப் பார்க்க வருகிறார். தண்ணீரைக் கண்டால் வரவே மாட்டேன் என்றுவிடுவார்.

வியாழனும் நாலு. வெள்ளிக்கிழமை அமலி ஊரில் இல்லை. சனிக்கிழமை அவர் முதல் ரேங்க் வாங்கிய பையனைப்போல வந்து நின்றார்.

“இன்னைக்கு ஒரு சொட்டுகூட இல்ல.”

அமலி டீயைக் கீழே வைத்தாள். படகில் இறங்கி, படுக்கைப் பலகைக்கு அடியில் கைவிட்டுத் தடவினாள்.

படகின் முன்பக்கத்தைப் பிரிக்கும் குறுக்குத் தடுப்பின் அடியில் விரல் நுழையும் அளவு ஒரு துளை உண்டு. முன்பக்கம் கசிகிற தண்ணீர் அதன் வழியாகத்தான் அவர் சொம்பால் மொள்ளும் நடுப்பள்ளத்துக்கு வந்து சேரும். அதைப் பசை வைத்து அழகாக அடைத்திருந்தார் தலைமை ஆசிரியர்.

ஸ்க்ரூடிரைவரால் நெம்பினாள். தண்ணீர் குபுகுபுவென்று வந்து இருவர் காலையும் நனைத்தது. அவரையே மொள்ளச் சொன்னாள். எட்டுச் சொம்பு.

“தண்ணி வராம இல்ல சார். வர்றது நமக்குத் தெரியல, அவ்வளவுதான்.”

“அவ பார்த்தா பயந்துடுவான்னுதான்...”

அமலி ஆறிப்போன டீயைக் குடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் சௌந்தரவல்லி வந்தார். படகுக்கு இறங்கும் ஏணியில் பாதியில் நின்று, கம்பியைப் பிடித்து மூச்சு விட்டார்.

“என்ன?” என்றார் குழந்தைவேலு.

“வெயில்,” என்றார் சௌந்தரவல்லி.

சில மாதமாகவே வெயில், தூக்கம் பத்தவில்லை, ஒன்றுமில்லை என்று ஏதோ ஒரு பதில். குழந்தைவேலுவும் சரி என்று விட்டுவிடுவார்.

இன்று மனைவியை உட்காரவைத்து, முதலில் தண்ணீர் சேரும் பள்ளத்தைத்தான் காட்டினார்.

“பழைய படகு. தினமும் நாலு சொம்பு வரும்.”

சௌந்தரவல்லி எட்டிப் பார்த்தார். பயந்ததாகத் தெரியவில்லை. “நாலுதானே.”

“சௌந்தரம், உனக்கு என்ன பண்ணுது?”

சௌந்தரவல்லி தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

“மாடி ஏறினா மூச்சு வாங்குது. ஐப்பசியிலேர்ந்து. சொன்னா பயணத்தை நிறுத்திடுவீங்கன்னு சொல்லல.”

குழந்தைவேலுவுக்குப் போகவேண்டாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு மனைவியின் கையைப் பிடித்தார்.

“எத்தனையாவது படியில?”

“பதினொன்னு,” என்றார் சௌந்தரவல்லி யோசிக்காமல். “போன மாசமும் பதினொன்னுதான்.”