கூட்டில் கிடந்த நீல நூல்

காட்டை ஒட்டிய பெரிய ஏரி ஒன்றின் நடுவே பட்டுப்போன மருத மரம் ஒன்று நின்றது. அதன் உச்சியில் இரண்டு விரால் அடிப்பான்கள் கூடு கட்டத் தொடங்கின. விரால் அடிப்பான் என்பது மீனைத் தவிர வேறெதையும் விரும்பாத ஒரு பருந்து. ஆணின் பெயர் கூர்நகன். பெண்ணின் தலை வெள்ளையாக இருந்ததால் அவளை வெண்சிகை என்று அழைத்தார்கள்.

அதே மரத்தில், கூட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்த பொந்தில் தும்பை என்ற மைனா குடியிருந்தாள். மைனாக்கள் என்றால் ஓயாமல் பேசும். தும்பையோ வாயே திறக்கமாட்டாள்.

"மைனாவாகப் பிறந்துவிட்டு இப்படி ஒருத்தியா! உன் பங்குப் பேச்சையும் சேர்த்து உன் அக்காதான் பேசித் தீர்த்துவிட்டாளோ?" என்று மீன்கொத்தி கேலி செய்யும். தும்பை பொந்துக்குள் தலையை இழுத்துக்கொள்வாள்.

பேசாதவளுக்குப் பார்ப்பதுதான் வேலை. தை மாதம் முழுவதும் அவள் அந்தத் தம்பதியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூர்நகன் பறந்தபடியே காய்ந்த கிளைகளை ஒடித்து வருவான். வெண்சிகை ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது இடம் மாற்றி வைப்பாள்.

"நீ வைத்த இடத்திலேயேதானே நான் முதலில் வைத்தேன்!" என்பான் அவன்.

"நீங்கள் வைத்தது கோணல். போய் மீன் பிடித்து வாருங்கள்!" என்பாள் அவள்.

அவன் மீனின் தலையைத் தின்றுவிட்டு உடலை அவளுக்குக் கொண்டுவருவான். இதையெல்லாம் பார்த்துத் தும்பை தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

கூடு முடியும் நேரத்தில் கூர்நகன் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தான். கரையில் மீனவர்கள் வீசிவிட்டுப் போன கிழிந்த வலையிலிருந்து இழுத்த நைலான் நூல் அது. நல்ல நீல நிறம்.

"பார்த்தாயா வெண்சிகை! இந்த ஏரியில் யார் கூட்டிலாவது இந்த நிறம் உண்டா?"

"புல்லைவிட மெத்தென்று இருக்கிறதே!" என்று அவள் அதைக் கூட்டின் நடுவில் பாய்போல் பரப்பினாள்.

கீழே தும்பை தன் இடது காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவளுடைய இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. குஞ்சாக இருந்தபோது இதே மாதிரி நூல் ஒன்று அவள் காலைச் சுற்றிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. ஒரு பகல் முழுவதும் அவள் தலைகீழாகத் தொங்கினாள். நூல் அறுந்து பிழைத்தாள். விரல்கள் மட்டும் கறுத்துக் காய்ந்து விழுந்துவிட்டன. யாராவது கேட்டால், "பிறவியிலேயே இப்படித்தான்" என்பாள். அந்தக் கதையைச் சொல்ல அவளுக்குக் கூச்சம்.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகக் கூடு கட்டினால் மறுநாள் எல்லோரும் வந்து பார்த்து, ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தக் கூட்டைப் பற்றி யாரும் அபசகுனமாக எதுவும் பேசக்கூடாது. இந்த வழக்கத்தைக் காவல் காத்தவள் நீர்க்காகத்து அத்தை. சிறகு ஈரம் காயாவிட்டாலும் முதல் ஆளாக வந்துவிடுவாள்.

"அரண்மனைதான் போ!" என்றாள் அத்தை.

"பத்துப் புயல் வந்தாலும் அசையாது!" என்றது மீன்கொத்தி.

"நான் ஒருமுறை படுத்துப் பார்க்கட்டுமா?" என்றது கூழைக்கடா.

"நீ படுத்தால் கூடும் இருக்காது, மரமும் இருக்காது!" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள்.

தும்பையின் முறை வந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"அந்த... அந்த நீல நூல்..."

"நூலுக்கு என்னடி?" அத்தை கண்ணை உருட்டினாள். "நல்ல நாளில் பார்த்துப் பேசு!"

வெண்சிகை ஆவலோடு குனிந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் தும்பையின் சொல் உள்ளேயே திரும்பிப் போனது.

"...ரொம்ப அழகாக இருக்கிறது, அக்கா."

"யாரோடும் பேசாத பெண்ணே சொல்லிவிட்டாளே! இதைவிட வேறென்ன வேண்டும்!" என்று பூரித்துப்போனாள் வெண்சிகை.

மாசியில் முட்டைகள் வந்தன. வெண்சிகை இறங்காமல் அடைகாத்தாள். தும்பை ஒருநாள் அத்தையைத் தனியாகப் பிடித்தாள்.

"அத்தை, அந்த நூல் ஆபத்து. குஞ்சுகளின் காலில் சுற்றிக்கொள்ளும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்."

"ஐயையோ! முட்டை இருக்கிற வீட்டைப் பற்றி இப்படியா பேசுவார்கள்? உன் வாயைக் கழுவு! அவ்வளவு அக்கறை இருந்தால் குஞ்சு பறந்தபிறகு சொல்லிக்கொள்."

பறந்தபிறகு சொல்லி என்ன பயன்? தும்பை அதைக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் வெண்சிகை சிறகை நனைக்க நீருக்குப் போனாள். கூர்நகன் தூரத்தில் மீனைத் துரத்திக்கொண்டிருந்தான். தும்பை மெல்ல மேலே ஏறினாள். நூலின் ஒரு முனையை அலகால் பற்றி இழுத்தாள். அது குச்சிகளுக்குள் பின்னிக் கிடந்தது. அசையவில்லை. காலை ஊன்றி மறுபடியும் இழுத்தாள்.

"தும்பை!"

வெண்சிகை திரும்பி வந்து நின்றாள். தும்பை அகப்பட்ட திருடியைப்போல் நூலை விட்டுவிட்டாள்.

"அட அசடே! உனக்கு வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே! இதற்குப்போய் ஒளிந்து வர வேண்டுமா?" வெண்சிகை சிரித்தாள். தன் அலகாலேயே நூலில் ஒரு துண்டைக் கடித்து இழுத்து அறுக்கப் பார்த்தாள். அறுந்து வரவில்லை. "எவ்வளவு உறுதி பார்! இன்னொரு முறை உன் மாமா கரைக்குப் போகும்போது உனக்கும் ஒன்று கொண்டுவரச் சொல்கிறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெயிலில் மின்னும் அந்த வெள்ளைத் தலை, அந்தச் சிரிப்பு, அவள் காலருகே இரண்டு முட்டைகள். "சரி, அக்கா" என்று சொல்லிவிட்டுத் தும்பை கீழே இறங்கினாள். அன்று அவள் இரை தேடப் போகவில்லை.

பங்குனி வெயிலில் குஞ்சுகள் பொரிந்தன. மூத்தவன் முரடன். இளையவள் சின்னஞ்சிறியவள், அவளுக்குப் பொட்டு என்று பெயர் வைத்தார்கள். தகப்பன் ஓயாமல் மீன் கொண்டுவந்தான். தாய் அதைக் கிழித்துக் கிழித்து ஊட்டினாள். உச்சி வெயிலில் சிறகை விரித்துக் குடைபிடித்தாள்.

பொட்டுவுக்குத் தும்பையைப் பார்ப்பதென்றால் ஆசை. கூட்டின் விளிம்பில் குப்புறப் படுத்து, தலையைக் கீழே நீட்டுவாள்.

"சித்தி! அண்ணன் என் மீனையும் தின்றுவிட்டான்!"

"நாளைக்கு நீ அவன் மீனைத் தின்றுவிடு."

"சித்தி! நான் பறந்தால் முதலில் உங்கள் பொந்துக்குத்தான் வருவேன்!"

"நீ வந்தால் நான் எங்கே இருப்பேன்? உன் ஒரு சிறகுக்கே அது போதாதே!"

பொட்டுவோடு மட்டும் தும்பைக்குக் கூச்சம் இல்லை. ஒருநாள் பொட்டு கேட்டாள்:

"சித்தி, உங்கள் காலில் ஏன் இரண்டு விரல் குறைவு?"

தும்பை அவளை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கழுத்துக்குப் பின்னால் நீல நூலின் ஒரு சுருள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

'இந்தக் குழந்தையைப் பயமுறுத்துவதா?' என்று நினைத்தாள்.

"பிறவியிலேயே இப்படித்தான், கண்ணு" என்றாள்.

வைகாசியில் ஒருநாள் நல்ல காற்று அடித்தது. குஞ்சுகள் பறக்கும் நாள் வந்துவிட்டது. ஏரியே திரண்டு வந்தது. மூத்தவன் விளிம்பில் நின்றான், குதித்தான், தடுமாறினான், பறந்தான்! எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள்.

"அடுத்து நான்!" என்று கத்தினாள் பொட்டு. "சித்தி, பார்த்துக்கொண்டே இருங்கள்!"

சிறகை அடித்தாள். எழும்பினாள். ஒரு சாண் உயரம்கூடப் போகவில்லை. யாரோ கீழிருந்து பிடித்து இழுத்ததுபோல் சுண்டி விழுந்தாள். விளிம்பைத் தாண்டிச் சரிந்தாள். தும்பையின் பொந்துக்கு நேர் எதிரே, ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கினாள். காலைச் சுற்றி நீல நூல்.

கூர்நகன் பாய்ந்து வந்து நூலைப் பற்றி இழுத்தான்.

"இழுக்காதீர்கள்!" என்று ஒரு குரல் அலறியது. "இழுத்தால் இறுகும்! முதலில் அவளைத் தாங்குங்கள்! தாங்குங்கள்!"

ஏரியில் யாரும் அந்தக் குரலை அவ்வளவு உரக்கக் கேட்டதில்லை. தும்பை பறந்து வந்து நூலைக் கொத்தினாள். அலகின் ஓரம் கிழிந்து ரத்தம் வரும்வரை கொத்தினாள். தாயும் தகப்பனும் மாறி மாறிக் கீழிருந்து தாங்கப் பார்த்தார்கள். அந்தரத்தில் அவர்களால் வெகு நேரம் நிற்க முடியவில்லை. பொட்டு பயத்தில் சிறகடித்தாள். அடிக்க அடிக்க இன்னொரு சுற்று விழுந்தது. இந்த முறை சிறகில்.

"உனக்கு எப்படித் தெரியும்?" வெண்சிகை மூச்சு வாங்கியபடி கேட்டாள். "இழுத்தால் இறுகும் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

தும்பை தன் இடது காலைத் தூக்கிக் காட்டினாள்.

வெண்சிகை அந்தக் காலைப் பார்த்தாள். நூலைப் பார்த்தாள். மறுபடியும் தன் மகளைத் தாங்கப் போனாள்.

"சித்தி, வலிக்கிறது" என்றாள் பொட்டு. வெயில் ஏறியபின் அதையும் சொல்லவில்லை. பொழுது சாயும்போது காற்று நின்றுவிட்டது. பொட்டுவும் அசையவில்லை.

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. நீர்க்காகத்து அத்தை ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

வெண்சிகை பொந்தின் வாசலுக்கு வந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் தும்பையால் தாங்க முடியவில்லை.

"அழகாக இருக்கிறது என்று சொன்னாயே, தும்பை."

"உங்கள் மனம் நோகுமே என்று... அக்கா..."

"நொந்திருக்கும்" என்றாள் வெண்சிகை. "ஒரு நாள் நொந்திருக்கும். அந்த நூலைத் தூக்கி எறிந்திருப்பேன்."

சில வாரங்கள் கூர்நகனும் வெண்சிகையும் மூத்தவனுக்கு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு மூவரும் ஏரியை விட்டுப் பறந்து போனார்கள். அடுத்த தை மாதம் வந்தது. அவர்கள் வரவில்லை. மருத மரத்தின் உச்சியில் கூடு மட்டும் சரிந்து கிடந்தது.

அந்த வருடம் கரையோரக் கருவேல மரத்தில் வேறு ஏரியிலிருந்து வந்த நாரைத் தம்பதி ஒன்று புதிதாகக் கூடு கட்டியது. எல்லோரும் பார்க்கப் போனார்கள். கூட்டின் நடுவில் பளபளவென்று ஒரு சிவப்பு நூல் கிடந்தது.

"மாளிகைதான் போ!" என்றாள் அத்தை. அவள் கண் சிவப்பு நூலில் ஒரு கணம் நின்றது. சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். மீன்கொத்தியும் நல்ல வார்த்தை சொன்னது. தும்பையின் முறை வந்தது. அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"இந்த நூல் உங்கள் குஞ்சைக் கொன்றுவிடும்" என்றாள்.



"நல்ல நாளில் வந்து சாவைப் பேசுகிறாளே!" என்று கத்தினாள் பெண் நாரை. "வெளியே போ! இனி இந்தப் பக்கம் வராதே!"

தும்பை போகவில்லை. இடது காலைத் தூக்கிக் காட்டினாள். தன் விரல்கள் எப்படிப் போயின என்று முதல் முறையாகச் சொன்னாள். பொட்டு எப்படித் தொங்கினாள் என்பதையும் சொன்னாள். குரல் உடைந்தது. ஆனாலும் சொல்லி முடித்தாள். ஆண் நாரை அலகைத் தட்டி அவளை விரட்டினான். திரும்பும் வழியில் அத்தை அவள் பக்கத்திலேயே பறந்து வந்தாள். திட்டவில்லை.

மறுநாள் காலை, கருவேல மரத்தின் அடியில் சேற்றில் சிவப்பு நூல் கிடந்தது. மேலே கூட்டில் பெண் நாரை காய்ந்த புல்லைப் பரப்பிக்கொண்டிருந்தாள். தும்பையைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பிறகு எந்தக் கூடு பார்க்கவும் தும்பையை யாரும் அழைக்கவில்லை.

தும்பை அந்த நூலைக் கவ்விக்கொண்டு போனாள். வேறு எந்தக் கூட்டுக்கும் போய்ச் சேராதபடி பாறை இடுக்கில் ஆழமாகத் திணித்தாள். பிறகு மருத மரத்துக்குத் திரும்பி வந்து, காலியான கூட்டின் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

நல்ல நாளில் கசக்குமே என்று நாம் விழுங்கிவிடும் உண்மையை, கெட்ட நாளில் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் அது யாரையும் காப்பாற்றாது.