ராசாவோட வேண்டுதல், சடையனோட காலு

ஒரே ஒரு மலை இருந்துச்சாம், மலைக்குக் கீழ ஒரு ஊரு இருந்துச்சாம், ஊருக்கு ஒரு ராசா இருந்தானாம், ராசாவுக்கு ஒரு மீசை இருந்துச்சாம். மீசையத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும், ஏன்னா ராசா எங்க போனாலும் அதுதான் முன்னாடி போகும். ராசா பேரு கோப்பையா. மீசைக்குப் பேரு வைக்கல, அது ஒண்ணுதான் பாக்கி.

மலையில ஒரு ஊத்து. அந்தத் தண்ணி வாய்க்கா வழியா அரமனைப் பக்கம் வந்து, அப்படியே எறங்கி கீழத்தெருவுக்குப் போகும். ஒருநாள் ராசா சொம்புல தண்ணி குடிக்கக் குனிஞ்சான். தண்ணியில மீசை தெரிஞ்சுச்சு, ஆனா பாதி மீசைதான். சொம்பு சின்னது, அது என்ன பண்ணும். ராசாவுக்கு மனசு ஆறல. "முழு மீசையும் தெரியற அளவுக்குத் தண்ணி வேணும்"னான். உடனே வாய்க்கால மறிச்சு ஒரு கரை கட்டி, அரமனைக்குப் பின்னால குளம் வெட்டி, மொத்தத் தண்ணியையும் அதுல தேக்கிட்டாங்க. சுத்தி காவல். காலையில ஒருவாட்டி, மத்தியானம் ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி ராசா போயி மீசையப் பாத்துட்டு வருவான்.

கீழத்தெருவுக்கு? கீழத்தெருவுக்கு எருமை படுக்குற குட்டைதான். எருமை எந்திரிச்சுப் போற வரைக்கும் காத்திருந்து மொண்டுக்கணும்.

அந்தத் தெருவுல சடையன்னு ஒருத்தன் எருமை மேய்ச்சுட்டு இருந்தான். ஊரே அவனக் கிறுக்கன்னுதான் சொல்லும். எது சொன்னாலும் அப்படியே எடுத்துப்பான். "போயி கடல்ல விழு"ன்னா, "கடல் எந்தப் பக்கம்"னு கேப்பான். அவன் பொண்டாட்டி பேச்சி. ஒரே பொண்ணு ராக்கு, கைக்குழந்த. குட்டைத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு ராக்குக்கு வயித்தால போயிட்டே இருந்துச்சு. நல்ல தண்ணி குடுத்தா பொழைக்கும், இல்லாட்டி இல்லைன்னு மருத்துவச்சி சொல்லிட்டா. நல்ல தண்ணிக்கு எங்க போறது.

இது இப்படி இருக்க, அங்க ராசாவுக்கு விக்கல் வந்துச்சு. சாதா விக்கல் இல்ல. திங்க விடல, தூங்க விடல, தீர்ப்பு சொல்ல விடல. "இவன விடு... விக்... விடாத... விக்..."ன்னா காவக்காரன் விடுறதா பிடிக்கிறதா? கடைசியில ராசா ஊத்தம்மா கோயில்ல விழுந்து, "தாயே, விக்கல் நின்னா முடியோட மீசையும் எடுக்கறேன், விரதம் இருக்கறேன், பூக்குழியில தீ மிதிக்கறேன்"னு வேண்டிக்கிட்டான். விக்கல் நின்னுபோச்சு.

நின்ன ஒடனே ராசா மீசையத் தடவிப் பாத்தான். அய்யய்யோ, இதையா குடுக்கறேன்னு சொன்னோம்னு யோசிச்சான். பூசாரி மாசானத்தக் கூப்பிட்டான்.

"மாசானம், வேண்டுதலுக்கு ஆள் வைக்கலாமா?"

மாசானத்துக்கு அம்மன் மேலயும் பயம், ராசா மேலயும் பயம். "வைக்கலாம் ராசா. உங்க பேரச் சொல்லி அவன் கையில காப்பு கட்டிடுவேன். அவுக்குற வரைக்கும் கோயில் மண்ணுல அவன்தான் ராசா. அவன் செஞ்சா நீங்க செஞ்ச மாதிரி."

"ரொம்ப நல்லதாப் போச்சு"ன்னான் ராசா. ஆள் வேணும்னு தண்டோரா போட்டாங்க. யாரும் வரல. சடையன்தான் வந்தான். ராசா வேலையச் சொன்னான், சடையன் தலையச் சொறிஞ்சான்.

"நான் மொட்டை போட்டா அது யார் மொட்டைங்க?"

"என் மொட்டை."

"நான் பட்டினி கெடந்தா அது யார் பசிங்க?"

"என் பசி."

"நான் தீ மிதிச்சா அது யார் காலுங்க?"

"என் காலுடா. ஊர் முன்னாடியே சொல்றேன், போதுமா?"

ஊர் முன்னாடியே சொன்னான். மாசானம் மஞ்சத் துணியில காப்பு கட்டினான். சடையனுக்கு மொட்டை அடிச்சாங்க, மீசையும் போச்சு. இருந்த மீசையே எறும்பு வரிசை மாதிரிதான். ராசா தன் மீசையத் தடவிக்கிட்டு, "எனக்கு மொட்டை நல்லாருக்கு"ன்னான்.

விரதத்துக்கு சடையன அரமனையிலேயே உக்கார வச்சாங்க. ராசா எதிர்ல உக்காந்து வெடக்கோழி திம்பான். தின்னுட்டு கேப்பான், "சடையா, எனக்குப் பசிக்குதா?"

"ரொம்பப் பசிக்குதுங்க உங்களுக்கு."

"பாவம் நான்"னுட்டு இன்னொரு தொடையக் கடிப்பான்.

விரதக்காரனுக்குத் தண்ணி மட்டும் குடுக்கலாம். குளத்துலருந்து மொண்டு குடுத்தாங்க. சடையன் சொம்ப வாங்கிக் குனிஞ்சு பாத்தான். சொம்போட அடி தெரிஞ்சுச்சு. அடி தெரியற தண்ணியப் பாத்து எத்தன காலமாச்சு. அவன் குடிக்கல. "ராசா, இத எம்பொண்ணுக்கு அனுப்பிக்கட்டுங்களா? அவளுக்கு முடியல. பேச்சி வாசல்லதான் நிக்கறா."

ராசா பல்லுக் குத்திக்கிட்டே சொன்னான், "சடையன் பொண்ணுக்குத்தானே முடியல? இங்க எங்கடா சடையன்? நீ இப்போ ராசா. ராசாவுக்குக் கீழத்தெருவுல ஏது பொண்ணு?"

சடையன் அதையும் அப்படியே எடுத்துக்கிட்டான். வாசல்ல நின்ன பேச்சிய காவக்காரன் வெரட்டி விட்டுட்டான்.

பூக்குழி நாள் வந்துச்சு. அந்த ஊர்ல ஒரு வழக்கம். தீயில காலு வைக்கறதுக்கு முன்னாடி, பண்ண குத்தத்த ஊர் கேக்கச் சொல்லணும், அங்கயே சரி பண்ணணும். அப்பதான் ஊத்தம்மா கால சுடாம பாத்துக்குவா. ராசாவுக்கு இது தெரியுமான்னா தெரியாது. வருசா வருசம் தள்ளி நாக்காலி போட்டு ஒக்காந்து பாக்குற ஆளு, இங்க என்ன பேசறாங்கன்னு எப்படிக் கேக்கும்.

மொதல்ல ஒரு ஆளு வந்தான். "பக்கத்து வீட்டுச் சேவலப் புடிச்சுத் தின்னுட்டேன்"னு, அக்குள்ள இடுக்கியிருந்த தன் சேவலக் குடுத்துட்டு எறங்கினான். காலு சுடல. அடுத்து ஒரு பொம்பள வந்தா. "எம்மாமியா செத்துப் போகணும்னு வேண்டிக்கிட்டேன்"னு மாமியா கால்ல விழுந்தா. மாமியா, "எந்திரிடி, நானும் அதத்தான் வேண்டிக்கிட்டேன்"னா. ரெண்டு பேரும் சேந்தே எறங்கினாங்க. காலு சுடல. மூணாவது சடையன்.

சடையன் மாசானத்தக் கேட்டான், "நான் யார் குத்தத்தச் சொல்லணும்?"

"யார் பேர்ல காப்பு?"

"ராசா பேர்ல."

"அப்புறமென்ன, ராசா குத்தந்தான்"னு மாசானம் சொல்லிட்டு, சொன்னப்புறம்தான் என்ன சொன்னோம்னு யோசிச்சான்.

சடையன் நெஞ்ச நிமித்தி நின்னான். "நான் கோப்பையா ராசா. மீசையப் பாக்கறதுக்காகத் தண்ணிய மறிச்சேன். புள்ளைங்களுக்கு எருமைக் குட்டையக் குடுத்தேன். நாக்கு வறண்டு கெடக்குற கொழந்தைக்கு ஒரு சொம்பு கேட்டாங்க, அதையும் குடுக்கல. இப்ப சரி பண்றேன். மம்முட்டி எடுத்துட்டுப் போயி கரைய வெட்டுங்கப்பா. ராசா சொல்றேன்."

கீழத்தெரு ஆம்பளைங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. பாத்துட்டுக் கெளம்பிட்டாங்க. ராசா உத்தரவுன்னதும் குளத்துக் காவக்காரங்களும் வழி விட்டுட்டாங்க.

ராசா வேட்டியத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தான். "யார்றா கரைய வெட்டச் சொன்னது?"

"கொஞ்சம் சும்மா இருங்க, ராசா பேசிட்டு இருக்காரு"ன்னான் மாசானம்.

"நான்தான்டா ராசா."

"கைய நீட்டுங்க. காப்பு எங்க?"

ராசா கைய நீட்டினான். ஒம்போது மோதிரம் இருந்துச்சு, காப்பு இல்ல.

"அப்ப அத அவுத்து எனக்குக் கட்டு. வெட்டாதீங்கன்னு நான் சொல்றேன்."

"கட்டிடலாம். ஆனா முடியும் மீசையும் எடுக்காதவன் பேச்சு இந்த மண்ணுல எடுபடாதுங்களே."

ராசா மீசையத் தொட்டுப் பாத்தான். குளத்தப் பாத்தான். குளமே போச்சுன்னா அப்புறம் மீசைய எங்க பாக்கறது? "எடுடா, வளந்துக்கும்"னான். காப்பு கை மாறிச்சு. சவரம் பண்றவரு கீழத்தெருக்காரரு. அவரு கத்திய ஒரு பக்கம் தீட்டினாரு, மறுபக்கம் தீட்டினாரு, திருப்பி மொதப் பக்கமே தீட்டினாரு. "சீக்கிரம்யா"ன்னா, "ராசா மீசைங்க, அவசரத்துல வெட்டிடலாங்களா"ன்னு ஒவ்வொரு மயிரா விசாரிச்சு எடுத்தாரு. மீசை முடியறதுக்கும் அங்க கரை ஒடையற சத்தம் கேக்கறதுக்கும் சரியா இருந்துச்சு.

தண்ணி போச்சு. மீசையும் போச்சு. ராசா காப்ப அவுக்கப் போனான். மாசானம் கையப் புடிச்சுக்கிட்டான். "தீ மிதிக்காம அவுக்கக் கூடாதுங்க. குத்தத்தச் சொல்லிட்டு எறங்குங்க."

"அந்தக் கிறுக்கந்தான் சொல்லிட்டானே."

"அவன் காப்ப அவுத்ததோட அது போச்சுங்க. உங்க வாயால சொல்லணும்."

"என் மேல ஒரு குத்தமும் இல்ல"ன்னுட்டு ராசா எறங்கினான்.

ஒரு எட்டு வச்சான், கையக் காலத் தூக்கினான். ரெண்டாவது எட்டு வச்சான், "ஆத்தா"ன்னான். மூணாவது எட்டு வைக்கவே இல்ல, பறந்து அந்தப் பக்கம் விழுந்தான். உள்ளங்கால் ரெண்டும் அப்பளமாப் பொங்கிருச்சு. குளத்துக்கு ஓடினான், குளத்துல சேறுதான் இருந்துச்சு. தண்ணி எங்க போச்சோ அங்கதான் போகணும். தவ்வித் தவ்விக் கீழத்தெருவுக்குப் போனான்.

அங்க வாய்க்கா நெறஞ்சு ஓடிட்டிருந்துச்சு. பேச்சி ராக்குவ மடியில போட்டு, வெரலால தொட்டுத் தொட்டு வாயில தண்ணி விட்டுட்டு இருந்தா. கொழந்த சப்புக்கொட்டுச்சு. ராசா கால வாய்க்காலுக்குள்ள விடப் போனான்.

"குடிக்கிற தண்ணிங்க, கால வைக்காதீங்க. உக்காருங்க, ஊத்தறேன்"னா பேச்சி. மீசை இல்லாததால ஆள் யாருன்னு அவளுக்குக் கொஞ்ச நேரம் தெரியல. தெரிஞ்சப்புறம் சொம்ப நிறுத்திட்டா. "குத்தத்தச் சொல்லிட்டீங்களா?"

ராசா சுத்திப் பாத்தான். தெருவே நின்னுச்சு. "வாய்க்கால மறிச்சது நான்தான்"னான். பேச்சி அரைச் சொம்பு ஊத்தி நிறுத்தினா. ராசா பல்லக் கடிச்சுக்கிட்டு, "கொழந்தைக்குத் தண்ணி இல்லேன்னதும் நான்தான்"னான். மிச்ச அரைச் சொம்பையும் ஊத்திட்டா.

எரிச்சல் அடங்கிச்சு. முழுசா இல்ல, நடந்து வீட்டுக்குப் போற அளவுக்கு.

அவ்வளவுதான். பட்டினிக்கு ஆள் வைக்கலாம், மொட்டைக்கு ஆள் வைக்கலாம், செஞ்ச தப்புக்கு மட்டும் ஆள் வைக்க முடியாது, அத அவனவன் வாயாலதான் சொல்லணும். ராக்கு பொழச்சா, ராசா நொண்டினான், தண்ணி அதுபாட்டுக்குக் கீழ ஓடுச்சு, கதையும் அதோடவே ஓடிப்போச்சு. கண்ண மூடுங்க.