வெள்ளையாய் விட்ட ஊர்

கொசு டாக்டர் நிலோஃபருக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் தொழில் கற்க வந்த சீடர் தவசிமுத்துவுக்கு ஐம்பத்தாறு.

நோய்க் கொசு உலகில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்டும் படம் ஒன்றை இருவரும் வரைந்துகொண்டிருந்தார்கள். எந்த நாட்டில் யார் பிடித்தாலும் இடத்தை எழுதி அனுப்புவார்கள். தவசிமுத்து அங்கே ஒரு கறுப்புப் புள்ளி வைப்பார். தாளின் ஒரு பக்கம் உலகம், மறுபக்கம் மாவட்டம். மாவட்டத்துப் புள்ளிகள் மட்டும் நாலு வருஷமாக அவரே ஜீப்பில் சுற்றிப் பிடித்தவை. அந்தப் பக்கத்தைப் பேரப்பிள்ளை மாதிரி தடவிக்கொடுப்பார்.

அதில் மலையடி ஊரான நல்லாம்பாறை மட்டும் ஒரு புள்ளிகூட இல்லாமல் வெள்ளையாக இருந்தது. மழைக்கு முன்னால் மருந்தடிக்க ஆள் வேண்டுமென்று அந்த ஊர் மூன்றாம் முறையாக மனுப் போட்டிருந்தது. மருந்தடிக்க வேண்டிய ஊர்களின் பட்டியல் மறுநாள் போயாக வேண்டும்.

"வெள்ளையா இருக்குற ஊருக்கு மருந்து எதுக்கு, டாக்டரம்மா?"

நிலோஃபர் படத்தைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார். ஜீப்பில் ஏறச் சொன்னார்.

நல்லாம்பாறையில் பட்டப்பகல். தவசிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடை மந்திரி குரலில், இவ்வூரில் கொசு இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் அறிவித்தார்.

வார்டு மெம்பர் பேச்சித்தாய் முழங்கையைச் சொறிந்தார். "ரொம்ப சந்தோசம். அப்ப இதுக எல்லாம் விருந்தாளிகளா?"

ஙொய்ங் என்றது. தவசிமுத்து சுருட்டிய படத்தாலேயே தன் கன்னத்தில் ஒரு போடு போட்டார். விரித்தால், நோய் பரப்பும் அதே வரிக்கால் கொசு ஒன்று நசுங்கி, நல்லாம்பாறைக்கு அரை அங்குலம் தள்ளி ஒட்டியிருந்தது. வாசலில் கிடந்த பழைய டயரை எட்டிப் பார்த்தார். தண்ணீரில் புழுக்கள் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தன.

"நாலு வருஷம். இது எப்படி விட்டுப்போச்சு?"

நிலோஃபர் டிரைவர் செபஸ்தியானிடம் திரும்பி, இந்தப் பக்கம் ஏன் வண்டியைத் திருப்பியதே இல்லை என்று கேட்டார்.

செபஸ்தியான் யோசிக்கவேயில்லை. "இங்க டீக்கடை இல்லையேம்மா."

பேச்சித்தாய் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தவசிமுத்துவுக்கும் அடக்க முடியவில்லை. சிரிப்பில் கை ஆட, பட்டியலின் தலையில் நல்லாம்பாறை என்று கோணல்மாணலாக எழுதினார். பிறகு படத்தை உலகப் பக்கம் திருப்பினார். சிரிப்பு மெல்ல நின்றது.

"டாக்டரம்மா, ஆப்பிரிக்கா நடுவுல எம்புட்டுப் பெரிய வெள்ளை. இங்க நெசமாவே கொசு இல்லையா?"

"அங்கயும் டீக்கடை இருக்காதுண்ணே."